தொடக்கூடாத பை

*பால்டிக் கடலின் வடகரை, நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்*

பனி உடைந்து ஒரு நிலவு கழிந்ததும் படகை இறக்கினோம்.
வெஸ்கா வரவில்லை.
கையெல்லாம் கரி, ஒரு புருவம் பொசுங்கியிருந்தது.
போன கோடையில் பட்டை உரித்துச் சாகவிட்ட
பூர்ச்ச மரங்களுக்கு
அன்று காலைதான் தீ வைத்திருந்தான்.
"சாம்பல் ஆறுவதற்குள் தூவணுமாம்" என்றான்.
யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
தெற்கிலிருந்து வந்த ஏலுத்தா
அவன் பின்னால் நின்றிருந்தாள்,
ஒரு இடுப்பில் குழந்தை, மறு இடுப்பில் தோல்பை.

கடல்நாய்த் தீவுகளில்
ஆளில்லாத ஒரு துடுப்பு
படகின் அடியில் உருண்டுகொண்டே கிடந்தது.
ஈட்டி எறிய என் கை போதும்.
ஆனால் அடிபட்ட விலங்கு ஆழத்துக்கு இழுக்கும்போது
கயிற்றின் இந்த நுனியில் அண்ணனின் எடை வேண்டும்.
மூன்றை இழந்தோம்.
கயிறு என் உள்ளங்கையைத் தின்றது.

திரும்பியபோது
காடு இருந்த இடத்தில் வானம் இருந்தது.
அவ்வளவு வானத்தை நீர்மேல்தான் பார்த்திருக்கிறேன்.
கருகிய அடிமரங்களுக்கிடையே
நிலத்துக்கு முடி முளைத்திருந்தது;
காற்றடித்தால் உரோமம்போல் படிந்து எழுந்தது.
என்ன மிருகம் என்று தெரியாமல் நாய் குரைத்தது.
நடுவில் வெஸ்கா,
கல்லெறிந்து குருவி விரட்டிக்கொண்டு.
குருவி!
கடமானை ஒற்றை அம்பில் சாய்த்தவன்.

ஆற்றில் சால்மன் ஏறுகிறது, வா, என்றேன்.
"போனால் இதைப் பறவை தின்றுவிடும்."
மீன் காத்திருக்காதே.
"இதுவும்தான்."
மான் நுழையாதிருக்க வேலி கட்டிக்கொண்டிருந்தான்.
எந்தப் பக்கம் உள்ளே, என்று கேட்டேன்.
முடிச்சை இறுக்கினான்.

கதிர் கொய்தார்கள்.
முழங்காலிட்டு, பகல் முழுக்க,
கல்லின்மேல் கல்லைத் தள்ளினாள் ஏலுத்தா.
ஒரு கை மாவு. அதில் பாதி மணல்.
சுட்டதைக் கடித்தேன்: சாம்பல்,
அப்புறம், தாமதமாக, ஓர் இனிப்பு.
எங்கிருந்து வந்ததென்று நாக்கு இரண்டு நாள் தேடியது.
அதை மறுக்க மாட்டேன்.

ஏரி அடிவரை உறைந்த ஆண்டு அது.
கொட்டைக் குழியில் பூஞ்சை.
கொழுப்புச் சாடிகள் காலி,
நான் இழந்த மூன்று விலங்குகளின் அளவுக்குக் காலி.
பைன் மரத்தின் உள்பட்டையை இடித்து வேகவைத்தோம்.

பசி எனக்குத் தெரியும்.
பசி என்றால் இல்லை என்று பொருள்.
எங்கும் இல்லை, யாரிடமும் இல்லை;
அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம்.
இது வேறு.
கூரைக் கழியில் அந்தப் பை தொங்கியது,
அடிவயிறு பருத்து.
அதன் கீழே எல்லோரும் மல்லாந்து கிடந்தோம்.

குழந்தை அழுதது. ஏலுத்தாவிடம் பால் இல்லை.
அப்போதும் அவள் கை மேலே போகவில்லை.
தின்னக்கூடாத தானியத்துக்கு
அவள் மொழியில் தனியாக ஒரு சொல் இருந்தது.
எங்கள் மொழியில் தானியத்துக்கே சொல் இல்லை.

ஓர் இரவு கத்தியோடு எழுந்தேன்.
வெஸ்கா பையின் கீழே உட்கார்ந்திருந்தான்,
மடியில் கடல்நாய் ஈட்டி,
அதன் எலும்பு முள் நான் செதுக்கியது.
என்னை நோக்கி அவன் அதை நீட்டவில்லை.
கீழே வைக்கவும் இல்லை.

அப்படியே இருந்தோம்.
தலைக்குமேல் ஏதோ கொறிக்கும் ஒலி.
பையின் மறுபக்கத்தில் ஒரு சுண்டெலி;
எங்கள் குடிசைக்கு அதுவரை வந்ததே இல்லை.
அங்கிருந்த மூவரில்
அது மட்டும் தின்றது.

வசந்தத்தில் பை முக்கால் இருந்தது.
குழந்தை இல்லை.
இறந்தவர்களைத் தீவில் வைத்துவிட்டு
முகாமைப் பெயர்த்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம்.
இவளைப் புனத்தின் ஓரத்தில் புதைத்தார்கள்.
யாரும் எதையும் பெயர்க்கவில்லை.

நான் படகைத் தள்ளினேன்.
தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி வந்து
ஏலுத்தா என் கையைப் பிடித்தாள்,
கயிறு தின்ற தழும்பின்மேல்
ஒரு பிடி விதை வைத்து விரல்களை மடித்துவிட்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
படகு தானாகவே பக்கவாட்டில் திரும்பியது.

மூடிய கையால் துடுப்பைப் பிடிக்க முடியாது.